பதிப்புரிமைச் சட்டமும் உயர்கல்வியில் மின்வடிவ நூல்களும்
(பெருமுக்கல் பாடத்தை முன்னிட்டு ஓர் ஆய்வு)

1. முன்னுரை

திண்டிவனத்தினின்று மரக்காணம் நோக்கிச் செல்லும் வழியில் உயர்ந்து நிற்பது பெருமுக்கல் மலை. தொல்பழங்காலப் பாறைக்கீறல்களும், சிவன் கோயிலும், சோழர் காலக் கல்வெட்டுகளும் அங்கு உள்ளன. கிழக்கே மரக்காணத்து உப்பளங்களும், அவற்றை அடுத்துக் கடலும் கிடக்கின்றன. சிறுபாணாற்றுப்படை பாடும் ஓய்மானாட்டுப் பகுதி இது. அந்நூல் கூறும் எயிற்பட்டினத்தை மரக்காணத்தோடு ஒன்றெனக் கொள்வாரும் உளர். இலக்கியம், கல்வெட்டு, வரலாறு ஆகிய மூன்றையும் ஒருங்கு பயிற்றுதற்கு இதனினும் ஏற்ற களம் எளிதில் கிட்டாது.

இக்களத்தைப் பற்றி முதுகலை மாணவர்க்கு ஒரு பாடம் அமைக்க முற்படும் ஆசிரியர்க்கு இன்று முதலில் எழும் இடர்ப்பாடு பொருள் பற்றியது அன்று, உரிமை பற்றியது. கல்வெட்டுப் பாடத்தை மின்வடிவில் மாணவர்க்கு அனுப்பலாமா? பாறைக்கீறலின் நிழற்படத்தை எடுத்தாளலாமா? அச்சில் இல்லாத பழைய உரைநூலை வருடிக் கோப்பாக்கி நூலகத்தில் வைக்கலாமா? இவ்வினாக்களுக்கு நம் துறைகளில் இருவேறு விடைகள் நிலவுகின்றன. சிலர் எல்லாம் குற்றம் என அஞ்சி, உரிமைக் காலம் கழிந்த நூல்களையும் தொடாது விடுகின்றனர். வேறு சிலர், கல்விக்கு என்றால் எதுவும் ஆகும் என்று கருதி, நேற்று வெளிவந்த நூலையும் முழுமையாக இணையத்தில் ஏற்றிவிடுகின்றனர். இரண்டும் தவறு என்பதையும், சட்டம் இவ்விரண்டிற்கும் இடையே ஒரு வழி வகுத்துள்ளது என்பதையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சொல்லும் பொருளும்

இவ்வுரிமையைத் தமிழில் பதிப்புரிமை, காப்புரிமை, படியுரிமை எனப் பலவாறு வழங்குவர். காப்புரிமை என்னும் சொல் புதுப்புனைவுக்குரிய உரிமையையும் குறித்து வழங்குதலின் மயக்கம் விளைகிறது. ஆதலின் ஈண்டுப் பதிப்புரிமை என்னும் சொல்லையே ஆள்வோம். எனினும் அச்சொல்லைப் பதிப்பாளர்தம் உரிமை என்று கொள்ளுதல் கூடாது. இவ்வுரிமை முதற்கண் நூலாசிரியர்க்கே உரியது. அவர் எழுத்து மூலம் அளித்தாலன்றிப் பதிப்பாளரைச் சென்று சேர்வதில்லை.

இந்தியாவில் இப்போது நடைமுறையில் உள்ளது 1957ஆம் ஆண்டுச் சட்டம். இது 1958 சனவரி 21 முதல் செயற்படுகிறது. 1914ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு முற்பட்டது. 1957ஆம் ஆண்டுச் சட்டம் பன்முறை திருத்தப்பட்டுள்ளது. அவற்றுள் மின்வடிவப் பொருள்களைப் பொறுத்தவரை சிறப்பானது 2012ஆம் ஆண்டுத் திருத்தமே.

சட்டம் காப்பது கருத்தை அன்று. கருத்து பெற்ற சொல்வடிவத்தையே. எயிற்பட்டினம் மரக்காணமே என ஒருவர் நிறுவினால், அம்முடிபை எவரும் எடுத்துக் கூறலாம். அவர் பெயரைச் சுட்டுதல் ஆய்வு நெறி. ஆனால் அவர் எழுதிய பக்கங்களைப் படியெடுத்து வெளியிடுதற்கு அவர் இசைவு வேண்டும். உப்பளத்தை அறிந்தவர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். கடல்நீர் எவர்க்கும் பொது. பாத்தியில் விளைந்த உப்போ விளைத்தவர்க்கு உரியது.

பதிப்புரிமை மீறலும் எழுத்துத் திருட்டும் ஒன்றல்ல என்பதும் ஈண்டு நினைவில் கொள்ளத்தக்கது. நச்சினார்க்கினியர் உரையைத் தம் உரையாகக் காட்டுவார் எழுத்துத் திருட்டுச் செய்தவர் ஆவர்; பதிப்புரிமையை மீறியவர் ஆகார். உயிரோடிருக்கும் ஒருவர் நூலை அவர் பெயரோடே முழுமையாக இணையத்தில் ஏற்றுவார் பதிப்புரிமையை மீறியவர் ஆவர். எழுத்துத் திருட்டுச் செய்தவர் ஆகார். முன்னதைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள் கண்டிக்கின்றன. பின்னதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் தண்டனையே உண்டு.

3. பழந்தமிழ் நெறி

ஏட்டுச் சுவடிக் காலத்தில் படியெடுத்தல் குற்றமாகக் கருதப்படவில்லை; அறமாகவே போற்றப்பட்டது. படியெடுப்பார் இலராயின் நூலே அழிந்திருக்கும். ஆயினும் ஆசிரியன் பெயரை மறைத்தலை நம் முன்னோர் ஏற்கவில்லை. சிறப்புப்பாயிரம் உணர்த்த வேண்டுவனவற்றுள் ஆக்கியோன் பெயரை முதற்கண் வைத்தார் நன்னூலார். தொல்காப்பிய மரபியல், வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நால்வகைப்படுத்தும். முதல்நூலுக்கும் அதனினின்று பிறந்த நூலுக்கும் உள்ள உறவு தெளிவாக இருத்தல் வேண்டும் என்னும் உணர்வு அப்பாகுபாட்டில் புலனாகிறது.

இன்றைய சட்டத்தில் இவ்விரண்டிற்கும் ஒப்புமை உண்டு. 57ஆம் பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பின்னரும், தம் நூல் தம் பெயரால் வழங்குதற்கும், அது தம் மதிப்புக்கு ஊறு நேரச் சிதைக்கப்படாமல் இருத்தற்கும் ஆசிரியர்க்கு உரிமை வழங்குகிறது. மொழிபெயர்ப்பும் தழுவலும் மூல ஆசிரியர் இசைவின்றிச் செய்யலாகாதன. பழைய மரபில் இல்லாதது பொருளுரிமை ஒன்றே. அச்சு வந்து, நூல் விலைப்பொருளாய பின்னரே அது தோன்றியது.

4. கால எல்லை

பதிப்புரிமை என்றும் நிலைப்பதன்று. நூலாசிரியர் மறைந்த ஆண்டிற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு கழிந்தால் நூல் பொதுவாகும். 1957ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் வகுத்த எல்லை 50 ஆண்டே. 1941இல் மறைந்த இரவீந்திரநாத தாகூரின் நூல்கள் 1991 இறுதியில் பொதுவாக வேண்டியிருந்தன. அவற்றின் உரிமை விசுவபாரதியிடம் இருந்தது. அந்நிலையில் எழுந்த வேண்டுகோளின் பயனாக 1991 திசம்பரில் அவசரச் சட்டமும், 1992இல் திருத்தச் சட்டமும் தோன்றி எல்லையை 60 ஆண்டாக்கின.

இக்கணக்கைத் தமிழறிஞர்க்குப் பொருத்திக் காண்போம். உ. வே. சாமிநாதையர் 1942இல் மறைந்தார். அவர்தம் முன்னுரைகளும் குறிப்புகளும் 2003ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பொதுவாயின. மறைமலையடிகள் 1950இல் மறைந்தார். அவர்தம் நூல்களின் உரிமைக் காலம் 2010 இறுதியோடு முடிந்தது. மு. வரதராசனார் 1974இல் மறைந்தார். பொதுவிதிப்படி அவர் நூல்களின் உரிமை 2034 இறுதி வரை நிற்கும். எனவே ஒரு நூலை மின்வடிவாக்குமுன் நாம் காண வேண்டுவது நூல் அச்சான ஆண்டை அன்று. ஆசிரியர் மறைந்த ஆண்டையே. மஞ்சள் பூத்த தாள் ஒன்றே உரிமை கழிந்தமைக்குச் சான்று ஆகாது.

அரசு வெளியீட்டிற்கு விதி வேறு. அது வெளிவந்த ஆண்டிற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு எண்ணப்படும். ஈழத் தமிழ் நூல்களைக் கையாளுவோர் மற்றொன்றையும் அறிதல் நலம். இலங்கையின் 2003ஆம் ஆண்டு அறிவுடைமைச் சட்டம் ஆசிரியர் மறைவிற்குப்பின் 70 ஆண்டு உரிமை தருகிறது. ஆகவே இங்குப் பொதுவாகிவிட்ட நூல் அங்குப் பொதுவாகாமல் இருத்தல் கூடும். இணையம் எல்லை அறியாதாகலின் இவ்வேறுபாடு சிறிதன்று.

5. பெருமுக்கல் பாடத்திற்குப் பொருத்துதல்

முதலில் கல்வெட்டு. சோழர் காலக் கல்வெட்டின் வாசகம் எவர்க்கும் உரியதன்று, யாவர்க்கும் பொது. ஆனால் அதனைப் படித்து, சிதைந்த எழுத்துகளை ஊகித்து நிரப்பி, குறிப்பு வரைந்து வெளியிட்ட பதிப்பு வேறு. இவ்வேறுபாட்டை உணர்த்த ஒரு வழக்கு துணையாகும். தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிட்ட ஈசுடர்ன் புக் கம்பெனி தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 2007 திசம்பரில் ஒரு முடிபு கூறியது. தீர்ப்பின் வாசகம் பொது. ஆனால் பதிப்பாசிரியர் தம் அறிவுத்திறனும் தேர்வும் கொண்டு சேர்த்த பகுதிகள் காக்கப்படும் என்பதே அம்முடிபு. வெறும் உழைப்பு மட்டும் போதாது. சிறிதளவேனும் புதுமை வேண்டும் என்றும் அது வரையறுத்தது. இம்முடிபு கல்வெட்டுப் பதிப்புக்கும் சுவடிப் பதிப்புக்கும் பொருந்தும் என்பது நம் கருத்து. மூலபாடம் பொது, பாடத்தேர்வு, அடிக்குறிப்பு, ஆராய்ச்சி முன்னுரை ஆகியன பதிப்பாசிரியர் உடைமை.

கல்வெட்டுத் தொகுதிகளுள் பெரும்பாலன அரசு வெளியீடுகள். 1964இல் வெளிவந்த ஒரு தொகுதியின் உரிமை 2024 இறுதியோடு முடிந்தது. அதற்கு முற்பட்டவற்றைத் தடையின்றி வருடி மாணவர்க்கு வழங்கலாம். பிற்பட்டவற்றுள் வேண்டும் பகுதியைப் பாடத்திற்கென எடுத்தாளலாம்.

இரண்டாவது பாறைக்கீறல். கீறல் தொன்மையானது, அதன் நிழற்படமோ எடுத்தவர்க்கு உரியது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் நிழற்படத்திற்கும் ஏனைப் படைப்புகளைப் போலவே எடுத்தவர் மறைவிற்குப்பின் 60 ஆண்டு என்னும் எல்லை உண்டு. ஆய்வேட்டில் பிறர் படத்தைச் சேர்ப்போர் இசைவு பெறுதல் முறை. மலைக்குச் சென்று தாமே படம் எடுத்தல் அதனினும் எளிது, ஆய்வுக்கும் நன்று.

மூன்றாவது சிறுபாணாற்றுப்படை. மூலமும் நச்சினார்க்கினியர் உரையும் பொது. சாமிநாதையர் 1889இல் வெளியிட்ட பத்துப்பாட்டுப் பதிப்பும் இன்று பொது. எயிற்பட்டினத்து நெய்தல் காட்சியையும் உமணர் ஒழுகையையும் பயிற்ற இவையே போதும். உரிமையுடைய பிற்கால உரைகளை மாணவர் நூலகத்தில் கற்கலாம்; ஆசிரியர் வேண்டும் பகுதியை மட்டும் பாடத்தொகுப்பில் சேர்க்கலாம்.

6. ஓமந்தூராரும் பாரதியும்

உரிமைக் காலம் முடியுமுன் நூலைப் பொதுவாக்கும் வழி ஒன்றனைத் தமிழ்நாடு கண்டது. அதனைக் கண்ட அரசின் முதல்வர் இவ்வட்டாரத்தவரே என்பது நினைவுகூரத்தக்கது. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரினரான ஓ. பி. இராமசாமி ரெட்டியார் 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தார்.

சுப்பிரமணிய பாரதியார் 1921இல் மறைந்தார். அவர் நூல்களின் வெளியீட்டுரிமை குடும்பத்தாரிடமிருந்து அவர்தம் இளவல் சி. விசுவநாதனிடம் சென்றது. இசைத்தட்டு, திரைப்பட உரிமைகளோ ஏ. வி. மெய்யப்பரிடம் சேர்ந்தன. 1948இல் வெளிவந்த பில்ஹணன் படத்தில் டி. கே. எஸ். சகோதரர்கள் பாரதி பாடலை எடுத்தாண்டமை பற்றி வழக்கு எழுந்தது. நாடு விடுதலை பெற்ற பின்னும் விடுதலைக் கவிஞரின் பாடலைப் பாட ஒருவர் இசைவு வேண்டுமோ என்னும் வினா தமிழகம் எங்கும் ஒலித்தது. பாரதி விடுதலைக் கழகம் தோன்றியது. 1949இல் அரசு அவ்வுரிமையைத் தானே பெறும் என, அக்காலக் கல்வியமைச்சர் தி. சு. அவிநாசிலிங்கம் சட்டமன்றத்தில் அறிவித்தார். உரிமை வைத்திருந்த விசுவநாதனுக்கும், கவிஞரின் மனைவியார் செல்லம்மாளுக்கும், மகளிர்க்கும் தொகை வழங்கப்பட்டது. மெய்யப்பர் தம் உரிமையைப் பொருள் பெறாது விட்டுக்கொடுத்தார். சில ஆண்டுகள் அரசே நூல்களைப் பதிப்பித்தது. 1950களின் நடுவில் அவை மக்கள் அனைவர்க்கும் பொதுவாயின. 1914ஆம் ஆண்டுச் சட்டப்படி அவ்வுரிமை 1971 வரை நின்றிருக்கும்.

இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துவது யாது? பொதுநலத்தின் பொருட்டு உரிமை நீக்கப்பட்டது, ஆனால் பறிக்கப்படவில்லை. உரியவர்க்கு ஈடு கொடுக்கப்பட்டது. நாட்டுடைமையாக்கம் என இன்று வழங்கும் இம்முறை அதன்பின் பல தமிழறிஞர் நூல்களுக்கு விரிந்தது. புதுமைப்பித்தன் நூல்கள் 2002இலும், மு. கருணாநிதியின் நூல்கள் 2024இலும் அவ்வாறாயின. 2001இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரோடு, இந்நூல்கள் பலவற்றை மின்னூலகத்தில் வைத்துள்ளது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005 முதல் ஈழத்து நூல்களைப் பேணிவரும் நூலகம் திட்டமும் தன்னார்வலர் உழைப்பால் வளர்ந்தவை.

ஈண்டும் ஓர் எச்சரிக்கை வேண்டும். நாட்டுடைமையானது ஆசிரியர் எழுதிய வாசகமே. பிற்காலத்தார் ஒருவர் அந்நூலுக்குப் பாடவேறுபாடும் குறிப்பும் சேர்த்து அமைத்த ஆராய்ச்சிப் பதிப்பு அவருடையதே. மூலம் பொது என்பதனால் அப்பதிப்பை அப்படியே படியெடுத்தல் முறையன்று.

7. தில்லி வழக்கு

உரிமையுள்ள நூலைப் பாடத்திற்குப் பயன்படுத்துவது எவ்வளவு ஆகும்? 52ஆம் பிரிவு, மீறல் ஆகாதன எவை எனப் பட்டியலிடுகிறது. தனிப்பட்ட கற்றலுக்கும் ஆய்வுக்குமான நேர்மையான பயன்பாடும், திறனாய்வுக்கென மேற்கோள் காட்டலும் அவற்றுள் அடங்கும். கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ படியெடுத்தலும் அங்ஙனமே.

இக்கடைசி விதியின் அளவைத் தெளிவாக்கியது தில்லிப் பல்கலைக்கழக வழக்கு. ஆக்சுபோர்டு, கேம்பிரிட்சு பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்டு பிரான்சிசு நிறுவனமும் 2012இல் பல்கலைக்கழகத்தின் மீதும், அதன் வளாகத்தில் இருந்த இராமேசுவரி ஒளிநகல் நிலையத்தின் மீதும் வழக்குத் தொடுத்தன. பாடத்திட்டத்திற்கேற்ப நூற்பகுதிகளை ஒளிநகல் எடுத்துத் தொகுப்பாக விற்றதே குற்றச்சாட்டு. மாணவரும் ஆசிரியரும் சங்கங்கள் அமைத்து வழக்கில் இணைந்தனர். 2016 செப்டம்பர் 16இல் தனி நீதிபதி வழக்கைத் தள்ளினார். பதிப்புரிமை தெய்வம் தந்ததோ இயற்கையில் அமைந்ததோ அன்று, அறிவு வளர்தற்கெனச் சட்டம் வகுத்ததே என்பது அவர் விளக்கம். திசம்பர் 9இல் இருவர் அமர்வும் அடிப்படையை ஏற்றது. கற்பித்தலின் போக்கு என்பது வகுப்பறை விரிவுரையோடு அமைவதன்று. பாடத் தயாரிப்பு முதல் முடிவு வரை அதில் அடங்கும். இத்தனை பக்கம் என்னும் வரையறை சட்டத்தில் இல்லை. கற்பிக்கும் நோக்கத்திற்குத் தேவையான அளவே அளவு என்று அது கூறியது. குறிப்பிட்ட தொகுப்புகளின் பகுதிகள் அத்தேவைக்கு உட்பட்டனவா என்பதை விசாரணைக்கு விடுத்தது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன. அதன்பின் உரிமைச் சங்கம் ஒன்று செய்த மேல்முறையீட்டை அவ்வாண்டு மே மாதம் உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை.

8. மின்வடிவத்தின் சிக்கல்

அவ்வழக்கு தாளில் எடுத்த படி பற்றியது. மின்வடிவத்திற்கு அது பொருந்துமா? சட்டத்தில் படியெடுத்தல் என்பது மின்வழியில் சேமித்தலையும் உள்ளடக்கும். ஆதலின் ஒரு பகுதியை வருடி வகுப்பு மாணவர்க்கு அனுப்புதல் அவ்விதிக்குள் அடங்கும் எனல் பொருத்தமே. ஆனால் அதே கோப்பினை எவரும் இறக்கிக்கொள்ளும் தளத்தில் இட்டால், அது படியெடுத்தல் என்னும் எல்லையைக் கடந்து, பொதுமக்களுக்குப் பரப்புதல் என்னும் வேறு உரிமையைத் தீண்டுகிறது. அதற்குக் கற்பித்தல் விதி துணை நிற்றல் அரிது. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் வகுத்த நெறியும், அந்நிறுவன ஆசிரியரும் மாணவரும் மட்டும் புகக்கூடிய காவலுள்ள மின்வழிக்கே கல்விச் சலுகையை அளிக்கிறது. வகுப்பிற்குள் நின்றால் கல்வி. வாயில் கடந்தால் வெளியீடு என்பதே நாம் கொள்ளத்தக்க எளிய அளவுகோல்.

நூலகங்களுக்கு 2012ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு வழி திறந்தது. வணிக நோக்கமற்ற பொது நூலகம், தன்னிடம் உள்ள நூலைப் பாதுகாத்தற்பொருட்டு மின்வடிவில் சேமிக்கலாம். இந்தியாவில் விலைக்குக் கிடைக்காத நூலுக்கு நூலகப் பயனுக்கென மூன்று படிக்கு மேற்படாமல் எடுக்கலாம் என்னும் விதியும் உண்டு. பார்வையற்ற மாணவர் முதலியோர்க்கு ஏற்ற வடிவில் மாற்றித் தருதலும் இலாப நோக்கின்றிச் செய்யின் மீறல் ஆகாது. இம்மூன்றையும் நம் துறை நூலகங்கள் போதிய அளவு பயன்கொள்ளவில்லை என்றே கூறல் வேண்டும்.

மற்றொரு பக்கமும் உண்டு. தமிழில் ஓர் ஆய்வுநூல் சில நூறு படிகளே விற்கும். அதனை முழுமையாக ஒரு கோப்பாக்கிப் பரப்பினால் பதிப்பாளர் அடுத்த ஆய்வுநூலை ஏற்கத் தயங்குவார். அவ்விழப்பு முடிவில் நம் மாணவரையே சாரும். கடற்கரைச் சிற்றூரிலிருந்து கைப்பேசி ஒன்றே துணையாகக் கற்க வரும் மாணவர்க்கு நூல் கிட்ட வேண்டும். நாளை அம்மாணவர் எழுதும் நூலுக்குப் பதிப்பாளரும் கிட்ட வேண்டும். சட்டம் இரண்டையும் நோக்குகிறது.

9. ஆய்வு மாணவர் தம் உரிமை

ஆய்வு மாணவர் பிறர் நூலைப் பயன்கொள்வோர் மட்டுமல்லர்; தாமும் நூலாசிரியர். 2009ஆம் ஆண்டு விதிகள் முதலாக முனைவர் பட்ட ஆய்வேடு மின்வடிவில் ஒப்படைக்கப்பட்டுச் சோத்கங்கா களஞ்சியத்தில் வைக்கப்படுகிறது. இதனால் ஆய்வேட்டின் உரிமை பறிபோவதில்லை. பின்னர் அதனை நூலாக்கும்போது ஒப்பந்தத்தை ஊன்றிப் படித்தல் வேண்டும். உரிமை எவ்வளவு காலத்திற்கு என்று எழுதப்படாவிடின் 5 ஆண்டு என்றும், எந்நிலப்பரப்பிற்கு என்று எழுதப்படாவிடின் இந்தியாவிற்கு என்றும் 19ஆம் பிரிவு கொள்ளும். மின்னூல் உரிமையைத் தனியே குறித்தல் நலம்.

10. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் முறைகள் ஐந்து. ஒன்று, ஆசிரியர் மறைந்த ஆண்டையும், நூல் நாட்டுடைமையா என்பதையும் முதலில் காண்க. இரண்டு, மூலத்தையும் பதிப்பாசிரியர் சேர்த்தவற்றையும் பிரித்து அறிக. மூன்று, உரிமையுள்ள நூலினின்று பாடத்திற்கு வேண்டும் பகுதியை மட்டும் எடுத்து வகுப்பிற்குள் வழங்குக. நான்கு, அச்சில் இல்லாத நூலை நூலகத்தின் வழியாக, சட்டம் கூறும் அளவில் மின்வடிவாக்கிக் காக்க. ஐந்து, எதனை எடுத்தாளினும் ஆக்கியோன் பெயரை விடாது சுட்டுக.

ஒவ்வொரு தமிழ்த்துறையும் தன் நூலகத்தில் உள்ள பழைய நூல்களுக்கு ஆசிரியர் மறைந்த ஆண்டோடு ஓர் அட்டவணை அமைத்துக்கொள்ளுதல் வேண்டும். உரிமை கழிந்தவை எவை, நாட்டுடைமையானவை எவை, இசைவு பெற வேண்டுவன எவை என்பது அவ்வட்டவணையால் ஒரு பார்வையில் விளங்கும். சுவடிகள் செல்லரித்துப் போகுமுன் அச்சேற்றினார் நம் முன்னோர். அவர்கள் அச்சேற்றிய தாள்கள் இன்று பொடிந்து வருகின்றன. அஞ்சி வாளா இருத்தலால் இழக்கும் நூல்கள் பல. அவற்றுள் பெரும்பாலானவற்றைக் காக்கச் சட்டம் இன்றும் தடையாக நிற்கவில்லை என்பதே நாம் கண்ட முடிபு.